பளிங்கிற் புலனாம் செம்மை

காட்சியளவையை ஆராயப் புகுந்தார் எவரும் ஐயக்காட்சியையும் திரிபுக்காட்சியையும் விலக்கிய பின்னரே மெய்க்காட்சியின் இலக்கணத்தை நிலைநிறுத்துவர். குற்றியோ மகனோ என ஒருதலையாகத் துணியாது நிற்பது ஐயம் எனவும், கயிற்றை அரவென்றும் இப்பியை வெள்ளியென்றும் பிறழத் துணிவது திரிபு எனவும் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டுத் தந்து ஆசிரியர் மேற்செல்லுதல் வழக்கு. இவ்வெடுத்துக்காட்டுக்கள் பன்னூறாண்டு பயின்று தேய்ந்தமையின், கேட்பார் திரிபென்பது இவ்வளவே போலும் என்று அமைந்துவிடுகின்றனர். ஆயின் திரிபு ஓரினத்ததன்று. கயிற்றரவின்கண் எதிரே இல்லாத பாம்பு நினைவினின்றும் வந்து கயிற்றின்மேல் ஏறுகின்றது. மற்றொரு வகையின்கண் நினைவினின்றும் யாதொன்றும் வருவதில்லை. எதிரேயுள்ள பொருள்கள் உண்மை. அவற்றின் பண்புகளும் உண்மை. ஒன்றன் பண்பு மற்றொன்றனதாகத் தோன்றும் அப்பொருத்தம் ஒன்றே பொய். செம்பரத்தைப் பூவின் அருகே வைத்த பளிங்கு சிவந்து தோன்றுதல் இதற்கு நூல்களில் வழங்குஞ் சான்று. பூவும் உண்டு, பளிங்கும் உண்டு, செம்மையும் உண்டு. செம்மை பளிங்கினது என்பதே இல்லை.

பளிங்குவமை சைவ நூல்களில் வேறொரு பயன்பற்றிப் பெருவழக்காயிற்று. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பதை அறிவுறுத்தற்கு அதனினும் எளியதோர் உவமை கிடைத்தல் அரிது. அப்பெரும்பயன் முன்னிற்றலின், அவ்வுவமை அளவைநூலார்க்குத் தருஞ் சிறுபயன் கற்பார் கருத்திற் குறைவாகவே பதிகின்றது. ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது அச்சிறுபயனே.

இதற்கு ஒருவர் தடை நிகழ்த்தலாம். பளிங்கு ஒளி ஊடுருவும் பொருளாகலின் பூவின் நிறம் அதனுட் புகுந்தே வருகின்றது. கண்ணில் விழும் ஒளியே சிவந்துளதாக, மனத்தின்மேற் குற்றஞ் சுமத்துவது எற்றுக்கு என்பது அத்தடை. நேரிய தடையே. காமாலையுற்றான் வெண்சங்கை மஞ்சளாகக் காண்பான் என்னும் பழைய எடுத்துக்காட்டும் இத்தடைக்குத் தப்பாது. பித்தத்தின் மஞ்சள் கண்ணின்கண்ணே உளது என்னுங் கொள்கைபற்றி எழுந்தது அது. (காமாலையாளர் அங்ஙனம் காண்டல் மிக அரிது என்பர் இக்கால மருத்துவர்.) ஆகவே, ஒளியிலும் கண்ணிலும் யாதொரு கலப்பும் இல்லாதவிடத்து, மனம் தானே ஒன்றன் நிறத்தைக் கழற்றிப் பிறிதொன்றன்மேற் புணர்த்துமோ என்பதே தீர்க்கப்படவேண்டிய வினாவாம். இவ்வினாவிற்கு விடை சொல்லால் மட்டும் பெறப்படுவதன்று, செய்து காணவேண்டுவது.

அங்ஙனம் செய்து கண்டவர் ஆன் டிரீஸ்மன் என்னும் அம்மையார். இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு நகரத்தே 1935-ஆம் ஆண்டிற் பிறந்து, கேம்பிரிட்ஜில் முதற்கண் பிரெஞ்சு இலக்கியம் பயின்று, பின்னர் உளநூலிற் புகுந்து ஆக்ஸ்ஃபோர்டிற் பட்டம் பெற்ற இவர், கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த காலத்தே இவ்வாராய்ச்சியை நிகழ்த்தினர். ஹிலரி ஷ்மிட் என்பாருடன் சேர்ந்து இவர் வரைந்த கட்டுரை 1982-இல் வெளிவந்தது. 2018-ஆம் ஆண்டில் இவர் இயற்கை எய்தினார்.

சோதனையின் முறை எளியது. ஓர் அட்டையின் இரு கோடியிலும் கறுப்பு நிறத்தில் ஓரோர் எண். இடையே நிறம் வேறுபட்ட மூன்று எழுத்துக்கள். சிவந்த ‘எக்ஸ்’, நீல ‘டி’, பச்சை ‘ஓ’ என்றாற்போல்வன. இவ்வட்டை ஒரு நொடியிற் சிறு பகுதியளவே காட்டப்பட்டு, உடனே வேறு கோலம் ஒன்றால் மறைக்கப்படும். காண்பார் முதலில் இரண்டு எண்களையும் பிழையின்றிச் சொல்லல்வேண்டும். அதன்பின்னரே எழுத்துக்களையும் அவற்றின் நிறங்களையும் சொல்லலாம். எண்களை முற்படச் சொல்லுக என்னும் ஏவல் வறிதே வைக்கப்பட்டதன்று. மனம் அவ்விரண்டு கோடியையும் பற்றிக்கொண்டிருக்க, இடைநின்ற எழுத்துக்கள் கண்ணில் மட்டும் பட்டு, மனத்தின் முழுப்பற்றையும் பெறாதொழிதற்கு வகுத்த சூழ்ச்சியே அது.

விளைந்தது யாதெனின், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறைகளில் அவர்கள் இல்லாத ஒரு சேர்க்கையைக் கண்டதாக மொழிந்தனர். நீல ‘எக்ஸ்’ கண்டேன் என்றார் ஒருவர்; அட்டையில் நீலமும் உண்டு, ‘எக்ஸ்’ என்னும் வடிவும் உண்டு, நீல ‘எக்ஸ்’ இல்லை. அட்டையில் எங்கும் இல்லாத நிறத்தைச் சொன்னவர் மிகக் குறைந்தனர். பிழைத்தது நிறமன்று, வடிவமன்று, அவற்றின் உரிமையே என்பது இதனாற் பெறப்படும். இவ்விடத்து ஒளியைக் கலப்பிக்கும் பளிங்கு யாதும் இல்லை. எழுத்துக்கள் தனித்தனி நிற்ப, மனமே பளிங்காயிற்று.

அவர்கள் காணாது ஊகித்துச் சொல்லியிருத்தல் கூடாதோ எனின், அவ்வையம் அக்காலந்தொட்டு இன்றுகாறும் அறிஞரிடையே நிகழ்ந்துவருவதே. பிழைகளுள் ஒரு பகுதி ஊகத்தாலாயவை என்பதைக் கணிதமுறையாற் காட்டினர் சிலர். முழுதும் ஊகமே என்று வாதித்தாரும் உளர். எனினும் சோதனைக்குட்பட்டார் பலர் தாம் பிறழக் கூறியவற்றை உறுதியுடன் கண்டதாகவே சாதித்தனர் என்பதும், ஊகத்தின் பங்கைக் கழித்த பின்னும் பிழையில் ஒரு பகுதி எஞ்சுகின்றது என்பதும் எளிதில் ஒதுக்கற்பாலன அல்ல. மேலும், அணித்தாக நிற்கும் பொருள்களிடையே இம்மாற்றம் மிகுதியும், சேய்மைக்கண் நிற்பனவற்றிடையே குறைவும் நிகழ்தலைப் பின்வந்தோர் கண்டனர். வெற்றூகமாயின் அண்மையும் சேய்மையும் அதனை வேறுபடுத்துதற்குக் காரணம் யாது?

இன்னும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. நிறத்தைக் கொடுத்த பொருளும் கொண்ட பொருளும் ஒன்றனையொன்று ஒத்திருத்தல் வேண்டும் என்னும் நியதியும் இல்லை. சிறியதோர் உருவின் புறக்கோட்டு நிறம் பெரியதோர் உருவின் அகமெங்கும் நிறைந்ததாகத் தோன்றுதலும் உண்டு. பண்பு பொருளினின்றும் பிரிந்து தன்னந்தனியே மனத்தின்கண் உலவும் ஒரு நிலை, மிகக் குறுகியதாயினும், உண்டென்று கொண்டாலன்றி இது பொருந்துமாறில்லை. பண்பு பண்பியை விட்டு உலகில் ஒருகணமும் நில்லாது என்பது எல்லார்க்கும் ஒப்ப முடிந்தது. உலகில் நில்லாதது அறிவின்கண் நிற்கும்போலும்.

டிரீஸ்மன் அம்மையார் கூறிய காரணம் வருமாறு: நிறம், சாய்வு, அளவு, இயக்கம் ஆகியவற்றை மூளை வேறுவேறிடத்து ஒருங்கே பதிகின்றது, இஃது உழைப்பின்றித் தானே நிகழ்வது. அவை இன்ன பொருளின்கண் ஒன்றுபட்டன என்று பிணிக்குந் தொழிலோ மனத்தின் பற்று ஓரிடத்தே சென்று ஊன்றிய வழியே நிகழ்வது. அப்பற்று ஒருகாலத்து ஓரிடத்தேதான் ஊன்றும். கெலேட் என்பாருடன் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு அவர் வேறொரு சான்று காட்டினார். பச்சை எழுத்துக்களிடையே ஒரே ஒரு சிவந்த எழுத்தைத் தேடுவார்க்குக் கூட்டம் பெருகினாலும் காலம் பெருகுவதில்லை. அது தானே எழுந்து தோன்றும். சிவந்த பலவும் ‘டி’ வடிவின பலவும் விரவிய கூட்டத்துள், சிவப்பும் ‘டி’ வடிவும் ஒருங்கே உடைய ஒன்றைத் தேடுவார்க்கோ ஒவ்வொன்று கூடுந்தோறும் காலமும் கூடும். ஒவ்வொன்றாகப் பற்றிப் பற்றி விடுதலே காரணம் என்றார். இக்கொள்கைக்குப் பின்னர்ப் பல திருத்தங்கள் நிகழ்ந்தன. சில சேர்க்கைகள் விரைவிற் கண்டுகொள்ளப்படுதலும் காட்டப்பட்டது. அடிப்படை இன்றும் நிற்கின்றது.

அளவைநூல் பயின்றார்க்கு இவ்விடத்து நியாயநூலின் மனவிலக்கணம் நினைவு வருதல் இயல்பு. கோதமர் நியாயசூத்திரத்துள், அறிவுகள் ஒருங்கே நிகழாமையை மனம் உண்மைக்கு அடையாளமாக வைத்தனர். ஐம்பொறியும் தத்தம் புலனோடு கூடி நிற்பினும் அறிவு ஒரு நேரத்து ஒன்றே எழுதலின், இடைநின்று ஒன்றனோடே கூடும் அணுவளவிற்றாய கருவி ஒன்று வேண்டும் என்பது அவர் கருத்து. பல ஒருங்கே அறியப்படுவனபோலத் தோன்றுதல், சுழற்றிய கொள்ளி வட்டமாகத் தோன்றுதல்போல விரைவினால் வந்த மயக்கம் என்றும் அந்நூல் விடுக்கின்றது. இவ்வொப்புமை கண்டு, மேனாட்டார் இன்று கண்டதனை முன்னோர் அன்றே முற்றக் கண்டனர் என்று களிகூர்வார் சிலர் இருப்பர். அக்களிப்பு இரு நூலையும் ஊன்றிக் கல்லாமையால் வருவது. கோதமர் ஒரு பொறிக்கும் மற்றொரு பொறிக்கும் இடையே மனம் மாறுதலைக் கூறினர். ஈண்டுச் சோதிக்கப்பட்டது கண் என்னும் ஒரே பொறியினுள் நிகழ்வது. நிறமும் வடிவமும் ஒரே கண்ணால் ஒரே காலத்துக் கொள்ளப்பட்டும் வேறுவேறாய்ப் பிரிந்து நிற்கும் என்பதை எந்நூலாரும் செய்து காட்டினாரல்லர். ஒப்புமை உள்ள அளவிற்கு மகிழ்வதே முறை.

ஆயின் காட்சியைப் படிமுறையாகப் பகுத்ததில் நூலார் காட்டிய நுட்பம் மெய்யாகவே இச்செய்திக்கு ஒளி தருவது. அருணந்தி சிவாசாரியர் காட்சியை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுத்தனர். பொறிவழியாக உளது என்னும் அளவில் நிற்பது நிருவிகற்பம். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தானும் இன்னதென்று தெளிவது சவிகற்பம். சவிகற்பம் எழுங்கால் இவ்வைந்தும் ஒரு பொருளின்மேல் வந்து பொருந்தல்வேண்டும். அப்பொருத்தமே தவறியது மேற்கூறிய சோதனையில். குணமும் தெரிந்தது, சாதியும் தெரிந்தது. ஆயினும் இக்குணம் இச்சாதிப் பொருளினது என்னுந் துணிவு பிழைத்தது. ஆகவே குற்றம் இந்திரியக் காட்சியினதன்று, அதனை அடுத்து வரும் மானதத்தினது என்று பகுத்துரைத்தற்கு இடம் உண்டு. அந்தக்கரணங்களுள் மனம் பற்றி ஐயுறும், புத்தி நிச்சயிக்கும் என்ப. பற்றுதற்குரிய மனம் இரு கோடியிலும் உள்ள எண்களைப் பற்றிக்கொண்டமையின் இடையில் உள்ளனவற்றைப் பற்றாதாயிற்று. பற்றாதிருப்பவும் புத்தி நிச்சயித்தலை நிறுத்தவில்லை. ஐயம் எழவேண்டிய இடத்தே ஐயம் எழாது துணிவே எழுந்தமை கருதத்தக்கது.

திரிபின் இயல்பு பற்றி மதவாதிகள் நிகழ்த்திய பெரும்போரும் இவ்விடத்துப் புதியதோர் முகம் பெறுகின்றது. பிரபாகரர் மதத்தார் பொய்யறிவு என்பதொன்று இல்லை என்பர். செம்பளிங்கின்கண் பூவின் செம்மை பூவை விட்டு அறியப்பட்டது, பளிங்கு தன் நிறம் அறியப்படாது அறியப்பட்டது, இரண்டும் மெய்யறிவே, இவற்றிற்குத் தொடர்பில்லை என்பதை அறியாமை மட்டுமே குறை என்பது அவர் துணிபு. அக்கியாதி எனப்படுவது இது. நியாயநூலாரோ வேறொன்றன்கண் உள்ளது இதன்கண் உளதாக அறியப்படுதலாகிய அன்னியதாக்கியாதியே திரிபு என்பர். சிவஞான முனிவர் தமிழிற் பெயர்த்தருளிய தருக்கசங்கிரகத்தின் வழியும் இதுவே. சோதனையின் முற்பகுதி பிரபாகரர்க்குத் துணை நிற்கின்றது: பண்புகள் தனித்தனியே மெய்யாகவே கொள்ளப்பட்டன. பிற்பகுதி நியாயநூலார்க்கு: கண்டார் ‘தொடர்பு தெரியவில்லை’ என்று வாளா இருந்தாரல்லர், ‘நீல எக்ஸ்’ என ஒரு பொருளை ஒருமைப்படக் கண்டதாகவே துணிந்தனர். அறியாமை மட்டுமாயின் துணிவு எங்கிருந்து வந்தது? இவ்வொரு வினாவில் நியாயநூலார் பக்கமே வலிதென்று தோன்றுகின்றது.

நலமுள்ளார்க்கு இம்மயக்கம் கணப்பொழுதினது. அஃது ஒருவர்க்கு வாழ்நாள் முழுதும் நீடித்தால் என்னாம் என்பதனை நோயொன்று காட்டுகின்றது. புடாபெஸ்து நகரத்து மருத்துவர் பாலிந்து என்பார் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்பினால் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. மூளையின் இருபுறத்தும் பின்மேற் பகுதி சிதைந்தார்க்கு வருவது. கண்ணொளி குன்றாதிருந்தும் ஒருகாலத்து ஒரு பொருளையே காண்பர். கண்ட பொருள் எவ்விடத்தது என்று கைநீட்டித் தொடமாட்டார். இருமுறை மூளைத்தாக்குற்று இந்நோய் வாய்ப்பட்ட ஒருவரை ஃபிரீட்மன்ஹில், ராபர்ட்சன், டிரீஸ்மன் என்னும் மூவரும் ஆராய்ந்து 1995-இல் எழுதினர். நிறம் வேறாய இரண்டே எழுத்துக்கள் அவர்க்குக் காட்டப்பட்டன. நொடியிற் சிறு பகுதியளவன்று, பத்து நொடிவரையும் காட்டப்பட்டன. அப்போதும் அவர் ஒன்றன் நிறத்தை மற்றொன்றற்கு ஏற்றிச் சொன்னார். இடம் அறியும் ஆற்றல் ஒழிந்தமையின் பண்புகளைப் பிணித்தற்குரிய ஆணியும் ஒழிந்தது என்பது ஆராய்ந்தார் முடிபு. இவ்விடத்தே சிவப்பு, இவ்விடத்தே நீலம் என்னும் இடவுணர்வே பண்பையும் பொருளையும் கட்டிவைப்பது என்பதை அந்நோயாளரின் துன்பத்தாலன்றி அறிந்திருத்தல் அரிது.

காட்சியில் நிகழும் இம்மாற்றம் நினைவிலும் நிகழுமாயின் கேடு பெரிது. மக்கள் கூட்டம் மிக்க தெருவில் ஒருவர் தமக்கு அறிமுகமானவரைக் கண்டு பேசப்புகுந்து, கருந்தாடி ஒருவருடையதும் வழுக்கைத் தலையும் கண்ணாடியும் மற்றொருவருடையனவுமாதல் தெளிந்து நின்ற நிகழ்ச்சியை டிரீஸ்மன் எடுத்துக் காட்டியுள்ளார். அது நகைத்து விடத்தக்கது. ஆஸ்திரேலிய நாட்டு உளநூலறிஞர் டானல்டு தாம்சன் என்பார்க்கு 1975-ஆம் ஆண்டில் நேர்ந்தது நகைத்தற்குரியதன்று. பெண்ணொருத்தி தன் இல்லத்தே தாக்குண்டு மானமிழந்தாள். தாக்கியவன் இவனே என்று அவள் தாம்சனைச் சுட்டினாள். அவள் பொய்யுரைத்தாளல்லள். தாக்குண்பதற்குச் சற்று முன்னர் அவள் தொலைக்காட்சியில் அவர் முகத்தைக் கண்டிருந்தாள். அம்முகமும் கொடியவன் செயலும் அவள் நினைவில் ஒன்றாய்ப் பிணைந்துவிட்டன. அந்நிகழ்ச்சி அந்நேரத்தே நேரே ஒளிபரப்பப்பட்டமையால், அவர் வேறிடத்தே இருந்தமை தெளிவாகி அவர் தப்பினார். கண்ணாற் கண்டார் சான்று எவ்வளவு பிழைபடும் என்பதே அன்று அவர் அந்நிகழ்ச்சியிற் பேசிய பொருள் என்பர். முன்பின் தெரியாத எளியான் ஒருவன் அவ்வாறு சுட்டப்பட்டிருப்பின் அவனுக்கு அத்தகைய காப்பு ஏது? ஒரு முகத்தின் உறுப்பையும் மற்றொரு முகத்தின் உறுப்பையும் சேர்த்து வரைந்த புதுமுகத்தை முன்னரே கண்டதாக மக்கள் மொழிதல் பிற்காலச் சோதனைகளானும் மெய்ப்பட்டது. சான்று கூறுவாரைப் பொய்யர், மெய்யர் என இரண்டாகவே பகுக்கும் வழக்கு இதன்முன் நில்லாது. மெய்யே உரைப்பார் வாயினும் பொய்ச்சேர்க்கை வரும்.

கண்ணுஞ் செவியும் தம்முள் மாறிக் கொடுத்தல் யாவரும் நாடோறும் காண்பதே. தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னிருந்து கூத்தன் பேசப் பாவை பேசுவதாகவே குழந்தைகள் மட்டுமன்றி முதியோரும் கேட்கின்றனர். திரைப்படத்தில் ஒலிபெருக்கியின் குரல் நடிகன் வாயினின்றே வருகின்றது. இவற்றால் ஊறு யாதும் இல்லை. காட்சியும் ஊறும் தம்முள் மாறுதலோ சற்று வேறுபட்டது; யான், எனது என்னும் உணர்வையே அது தொடுகின்றது. பாட்வினிக், கோஹன் என்னும் இருவர் 1998-இல் வெளியிட்ட சோதனை அது. ஒருவருடைய இடக்கையைத் தட்டியால் மறைத்து, அவர் காணுமாறு மேசைமேல் இரப்பரால் இயன்ற கையொன்றை வைத்து, மறைந்த கையையும் பொய்க்கையையும் இரண்டு சிறு தூரிகைகளால் ஒரே காலத்து ஒரே தாளத்தில் வருடினர். சின்னேரத்தில் அவர் ஊற்றுணர்ச்சி தம் கையில் அன்று, தாம் காணும் அவ்விரப்பர்க் கையிலேயே எழுவதாக உணர்ந்தனர். அக்கை தமதே என்றும் உரைத்தனர். அது கை அன்று என்பதை அவர்கள் அறியாதாரல்லர். அறிந்தும் அவ்வுணர்வு எழுந்தது. கண்ட தூரிகையும் தொட்ட தூரிகையும் ஒன்றே என்னும் சேர்க்கை பிறந்தவுடன், ‘எனது’ என்னும் உரிமையும் அதனுடன் சென்று அவ்வுயிரில்லாப் பொருளின்மேற் படிந்தது.

கண்டதனையே தொடுகின்றேன் என்னும் ஒருமையுணர்வைக் கொண்டு, பொறிகளின் வேறாய் அவற்றை ஒருங்கு அறிவானாகிய ஆன்மா ஒன்று உண்டென்று நிறுவினர் நியாயநூலார். அவ்வாதம் இச்சோதனையால் வீழ்ந்ததோ எனின், வீழ்ந்திலது. சேர்க்கை பொய்யாயினும் சேர்த்தறிந்தவன் ஒருவனே. ஒருவன் இலனாயின் பொய்ச்சேர்க்கையும் நிகழாது. வீழ்ந்தது வேறொன்று: இவ்வுடம்பின் உறுப்பு எனது என்னும் உணர்வு ஆன்மாவிற்கு இயல்பாக வந்ததென்பதும், பிழையாதென்பதும். ஆன்மா தானே விளங்காது, கருவிகளோடு கூடியவழிக் கூடியவாறே அறிந்து அதுவதுவாய் நிற்கும் என்னுஞ் சித்தாந்த முடிபிற்கு இது புறம்பன்று. அச்சேர்க்கை எத்துணை மெல்லிய இழையாற் கட்டப்பட்டது என்பதையும் அவர்கள் கண்டனர். இரண்டு தூரிகையும் ஒரே தாளத்தில் இயங்குமளவும் இரப்பர்க்கை தன் கையாக இருந்தது. தாளம் சிறிது பிறழ்ந்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வருடியவழி, அவ்வுணர்வு பெரிதும் குன்றி, மேசைமேற் கிடப்பது வெறும் இரப்பரே ஆயிற்று.